முகத்தை எங்கே வைப்பது?

என் அத்தானுக்கு ரேடியோப் பைத்தியம். ரேடியோ என்றதும் பாட்டுக் கேட்கிற பெட்டி என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. அவர் அரசாங்கத்தின் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ஆகாயத்தில் பேசுகிறவர். சட்டத்தில் இவர்களுக்கு 'அமெச்சூர் ரேடியோ'க்காரர்கள் என்று பெயர். தங்களுக்குள் 'ஹாம்' என்று சொல்லிக்கொள்வார்கள். சம்பளம் இல்லை, லாபம் இல்லை. முகம் தெரியாத ஒருவரோடு, கம்பி இல்லாமல், சொந்தமாக வைத்திருக்கும் கருவியில் பேசுவதுதான் இவர்களுடைய ஆனந்தம்.

பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் வீட்டோடு இருக்கத் தொடங்கியபோது, மாடி அறை முழுவதும் கருவிகளால் நிரம்பியது. அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. அத்தான் காரிலும் ஒரு கருவியை மாட்டினார். டாஷ்போர்டின் உச்சியில், அரைச் சிலேட்டு அளவுக்கு, நீல வெளிச்சம் வீசும் திரை. அப்போதும் அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாள் ஒன்று வந்தது.

விடியற்காலை நாலரை மணிக்கு இருவரும் மதுரைக்குப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தார்கள். கயத்தாறு தாண்டியிருக்கும். திரையில் எண்கள் ஓடின. யாரோ பேசுகிற அறிகுறி. அத்தான் அதைப் பார்த்தார். நிமிர்ந்தபோது, முன்னால் பால் கேன் கட்டிய ஒரு சைக்கிள். பிரேக்கை மிதித்தார். வண்டி கிறீச்சிட்டுக் கொண்டு, சைக்கிளுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. பால்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று அத்தான் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"தம்பி, அந்தப் பெட்டி இருக்கிற வண்டியிலே நான் இனிமே ஏறமாட்டேன். உங்க அத்தான்கிட்டே நீயே சொல்லிடு" என்றாள் அக்காள்.

மறுநாள் அத்தான் டெலிபோன் செய்தார். "மாப்பிள்ளே, யார் கண்ணுக்கும் படாத மாதிரி ஒரு சின்னத் திரை வேணும். நீதான் எதை எடுத்தாலும் புஸ்தகம் தேடிப் படிப்பியே. எதை வாங்கலாம், எங்கே வைக்கலாம், பார்த்துச் சொல்லு."

கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்ததோடு என் விஞ்ஞானம் முடிந்துவிட்டது. கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. அக்காளின் புகார், திரை அத்தானுடைய கண்ணை இழுக்கிறது என்பது. அத்தான் கேட்டதோ 'யார் கண்ணுக்கும்' படாத திரை. இரண்டும் ஒன்றல்லவே என்று அப்போதே தோன்றியது. கேட்கவில்லை. புஸ்தகங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் டாஷ்போர்டு என்ற வார்த்தையைப் பார்த்தேன். அது மோட்டாருக்கு முந்தியது. குதிரை வண்டிக் காலத்தில், ஓடும் குதிரையின் குளம்படியிலிருந்து சேறும் கல்லும் வண்டிக்காரர்மேல் தெறிக்கும். அதைத் தடுப்பதற்கு முன்புறம் ஒரு பலகை அடித்தார்கள். அந்தப் பலகைக்குத்தான் அந்தப் பெயர். குதிரை போய் எஞ்சின் வந்தது; பலகை மாத்திரம் பெயரோடு தங்கிவிட்டது. ஓட்டுகிறவரின் கண்ணில் சேறு விழாமல் காப்பாற்றப் பிறந்த பலகை, பிற்காலத்தில் அந்தக் கண்ணையே பிடித்து இழுக்கிற கடிகாரங்களுக்கும் விளக்குகளுக்கும் இருப்பிடம் ஆயிற்று.

அதில் ரேடியோ வந்து ஏறிய கதை அமெரிக்காவில் நடந்தது. பால் கால்வின் என்று ஒருவர். பாட்டரி வியாபாரம் செய்து நொடித்துப் போனவர். 1928 செப்டம்பர் 25-ஆம் தேதி, தம்பி ஜோசப்புடன் சேர்ந்து சிக்காகோவில் ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தார். வீட்டு ரேடியோவைப் பாட்டரி இல்லாமல் மின்சாரத்தில் ஓட வைக்கும் சாதனத்தை அவர்கள் செய்து விற்றார்கள். அடுத்த வருஷம் பங்கு மார்க்கெட் சரிந்தது, வியாபாரம் படுத்தது. வேறு ஏதாவது செய்தாக வேண்டும். காருக்குள் ரேடியோ வைத்தால் என்ன என்று முனைந்தார். வில்லியம் லியர், எல்மர் வேவரிங் என்ற இரண்டு இளைஞர்களும் இந்த வேலையில் அவருக்குத் துணை நின்றார்கள்.

சொல்லுவது சுலபம். அந்தக் காலத்து ரேடியோ, வால்வுகள் நிறைந்த பெரிய பெட்டி. அதற்குத் தனிப் பாட்டரிகள் வேண்டும். அவற்றைக் காரின் தரைப்பலகைக்கு அடியில் வைத்தார்கள். எஞ்சினில் தீப்பொறி பறக்கும்போதெல்லாம் ரேடியோவில் படபடவென்று சத்தம் கேட்கும். அந்த இரைச்சலை ஒவ்வோர் இடமாகத் தேடிப் பிடித்து அடக்கினார்கள். கால்வின் ஒரு பாங்கு அதிகாரியின் காரில் ரேடியோ மாட்டிக் கொடுத்துக் கடன் கேட்டார் என்றும், அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்துக்கொண்டது என்றும் ஒரு கதை வழங்குகிறது.

1930 ஜூன் மாதம் அட்லாண்டிக் ஸிடியில் ரேடியோ உற்பத்தியாளர் மகாநாடு நடந்தது. கால்வின் தம்முடைய ஸ்டூடிபேக்கர் காரில் ரேடியோவை மாட்டி, சிக்காகோவிலிருந்து அவ்வளவு தூரமும் ஓட்டிக்கொண்டு போனார். மகாநாட்டு மண்டபத்தில் கடை போடப் பணம் இல்லை. காரை வெளியே நிறுத்தி, ரேடியோவை உரக்க வைத்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று கேட்டார்கள். ஆர்டர்கள் கிடைத்தன. ஓடும் வண்டியையும் ஒலிக்கும் பெட்டியையும் சேர்த்து அந்த ரேடியோவுக்கு 'மோட்டரோலா' என்று பெயர் வைத்தார். பிற்பாடு கம்பெனிக்கே அந்தப் பெயர் ஆகிவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த முதல் ரேடியோவின் உடம்பு டாஷ்போர்டில் இல்லை. அதற்குக் கீழே, கால்மாட்டில், கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. ஸ்டீயரிங் தண்டின்மேல் ஒரு சின்ன டயலும் குமிழ்களும் மாத்திரம் இருந்தன. டயலிலிருந்து வளையும் கம்பிகள் கீழே பெட்டிக்குப் போயின. மேலே குமிழைத் திருகினால் கீழே பெட்டிக்குள் வேலை நடக்கும். 1932-ல் ஜெர்மனியில் பிளௌபுங்க்ட் கம்பெனி ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவைக் கொண்டுவந்தபோதும், இதே மாதிரி ஸ்டீயரிங் தண்டில்தான் கைப்பிடியை வைத்தார்கள். உடம்பு ஓரிடம், முகம் ஓரிடம். அத்தான் இப்போது கேட்கிறாரே, அந்த ஏற்பாடு கார் ரேடியோவோடு கூடப் பிறந்தது!

அக்காளின் புகாரும் கூடவே பிறந்துவிட்டது. 1930-லேயே மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்திலும் ஸெயின்ட் லூயி நகரத்திலும், ஓட்டும்போது ரேடியோ கூடாது என்று சட்டம் செய்ய யோசனை பிறந்தது. குமிழைத் திருகுகிற நேரத்தில் கண் சாலையை விட்டு விலகுகிறது என்றார்கள். பாட்டு தூக்கத்தைக் கொண்டுவந்துவிடும் என்றும் சொன்னார்கள். ரேடியோ செய்கிறவர்கள், புயலும் மழையும் வருவதை முன்கூட்டிச் சொல்லி ரேடியோ உயிரைக் காப்பாற்றும் என்று பதில் வாதம் பேசினார்கள். 1934-ல் நியூயார்க்கில் மோட்டார் சங்கம் ஒன்று தன் அங்கத்தினர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டபோது, நூற்றுக்கு 56 பேர் கார் ரேடியோவை அபாயகரமான கவனச் சிதறல் என்றார்கள்.

சட்டம் வரவில்லை, ரேடியோ ஜயித்துவிட்டது. ஆனால் அந்த 56 பேர் சொன்னது பொய்யாகிவிடுமா? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. திரையைப் பார்க்க இரண்டே விநாடி எடுத்துக்கொண்டாலும், 44 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமானம். கயத்தாற்றுப் பால்காரர் அந்த 44 மீட்டருக்குள்தான் இருந்தார்.

பாட்டுக் கேட்கிற ரேடியோவின் கதை இது. பேசுகிற ரேடியோவைக் காரில் முதலில் வேண்டியவர்கள் போலீஸ்காரர்கள். டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ் 1928 ஏப்ரலில் ரோந்துக் கார்களில் ரேடியோ வைத்தது. காரில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. உத்தரவைக் கேட்ட போலீஸ்காரர் பதில் சொல்ல வேண்டுமானால், இறங்கி டெலிபோன் தேடிப் போக வேண்டும். 1933-ல் நியூஜெர்ஸியில் உள்ள பேயோன் என்ற ஊரில் காரிலிருந்தே பதில் பேசும் வசதி வந்தது. 1940-ல் கனெக்டிகட் ராஜ்யப் போலீஸுக்காக டேனியல் நோபிள் என்ற பேராசிரியர், எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் கண்டுபிடித்த எப்.எம். முறையைக் கையாண்டு, இரைச்சலில்லாத இரட்டை வழிப் பேச்சை ஏற்படுத்தினார்.

இந்தக் கருவிகள் மிகவும் கனமானவை. ஆகையால் உடம்பைக் காரின் பின்னால், சாமான் வைக்கும் டிக்கியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், ஒரு மைக்கும், அவ்வளவுதான். யுத்தத்துக்குப் பிறகு போலீஸும் டாக்ஸிக் கம்பெனிகளும் பழைய கருவிகளைக் கழித்துப் போட்டபோது, அவற்றை மலிவாக வாங்கித் தங்கள் அலைவரிசைக்குத் திருத்திக்கொண்டவர்கள் யார் தெரியுமா? அமெரிக்காவின் ஹாம்கள்தான். போலீஸ் காரில் இருந்த ஏற்பாடு அப்படித்தான் குமாஸ்தாவின் காருக்கும் பள்ளிக்கூட வாத்தியாரின் காருக்கும் வந்தது.

அங்கே அவர்கள் இதை ஒளித்து வைக்க வேண்டும் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. 1957-ல் காலின்ஸ் கம்பெனி காருக்கென்று ஒரு கருவி செய்தது. 'கே.டபிள்யூ.எம்.-1' என்று பெயர். டாஷ்போர்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, சமுத்திரத்துக்கு அப்பால் இருப்பவர்களோடு பேசலாம். அந்நாட்டு ராஜ்யங்கள் பலவற்றில் ஹாம்கள் தங்கள் அழைப்புக் குறியையே காரின் நம்பர் பலகையில் எழுதி வைத்துக்கொள்ளச் சர்க்கார் அனுமதிக்கிறது. இவர் ஹாம் என்று பின்னால் வருகிறவர் எல்லாரும் தெரிந்துகொள்ளலாம்.

ரேடியோவின் முகத்தில் சர்க்காரே கை வைத்த காலமும் ஒன்று உண்டு. அணுகுண்டுப் பயம் பிடித்து ஆட்டிய நாட்கள். 1953 முதல் 1963 வரையில் அமெரிக்காவில் விற்ற ரேடியோக்களின் டயலில், 640, 1240 என்ற இரண்டு இடங்களில் சின்ன முக்கோண அடையாளம் போட வேண்டும் என்று விதித்தார்கள். ஆபத்து வந்தால் மற்ற நிலையங்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். அந்த இரண்டு இடங்களில் மாத்திரம் செய்தி கேட்கும். கார் ரேடியோவும் இதற்கு விலக்கல்ல. தினம் ஆபீசுக்குப் போகிற மனிதர், பாட்டுக்காகக் குமிழைத் திருகும்போதெல்லாம், உலகம் முடியப்போகிற நாளின் அடையாளத்தைத் தாண்டித்தான் முள்ளைக் கொண்டுபோனார்.

முகத்தை ஒளிக்கும் அவசியத்தை அங்கே திருடர்கள்தான் உண்டாக்கினார்கள். 1955-ல் கிரைஸ்லர் கம்பெனியும் பில்கோவும் சேர்ந்து, வால்வே இல்லாத, முழுக்க டிரான்ஸிஸ்டரால் ஆன கார் ரேடியோவைக் கொண்டுவந்தார்கள். உடம்பு வரவர இளைத்தது. இளைத்த பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது சுலபம் அல்லவா? 1980-களில் நியூயார்க்கில் கார் ரேடியோத் திருட்டு மலிந்து, 'ரேடியோ இல்லை' என்று கண்ணாடியில் எழுதி ஒட்டிவிட்டுப் போகும் நிலைமை வந்தது. பிறகு, ரேடியோவின் முகத்தை மட்டும் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போகும்படி செய்தார்கள். முகமில்லாத ரேடியோவைத் திருடி என்ன செய்வது?

ஹாம்களின் கருவிக்கும் அந்த யோசனை வந்து சேர்ந்தது. 1995-ல் ஜப்பானிய ஐகாம் கம்பெனியின் 'ஐ.சி.-706' வெளிவந்தது. ஒரு புஸ்தகம் அளவுள்ள கருவி. முன்பலகை கழன்று வரும். உடம்பை ஸீட்டுக்கு அடியில் வைத்து, ஒரு கம்பியைக் கொண்டுவந்து, முகத்தை வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகள் அதே வழியில் வந்துவிட்டன. 1930-ல் ஸ்டீயரிங் தண்டில் இருந்த அந்தச் சின்ன டயல், 65 வருஷம் கழித்து வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக்குப் போனேன். அத்தான் தாமும் ஒரு முடிவு செய்து வைத்திருந்தார். கியர் தண்டுக்குப் பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே, ஒரு பள்ளம். "இங்கே வச்சிட்டா வெளியிலே நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது, மாப்பிள்ளே" என்றார்.

"ஓட்டுகிறவர் எப்படிப் பார்ப்பது?"

"குனிஞ்சு பார்த்துக்க வேண்டியதுதான்."

அப்போதுதான் கேட்டேன். "அத்தான், வெளியிலே நிக்கிறவனுக்குத் தெரிஞ்சா என்ன?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். சில மாதங்களுக்கு முன் ஓர் ஊரின் சோதனைச் சாவடியில் இரவு நேரத்தில் வண்டியை நிறுத்தினார்களாம். டார்ச் வெளிச்சம் திரைமேல் விழுந்தது. "இது என்ன? யாரோடு பேசுகிறாய்?" என்று கேள்வி. லைசென்ஸ் வீட்டில் இருந்தது. இரண்டு மணி நேரம் சாலையோரத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, விடிகிற நேரத்தில் போகச் சொன்னார்களாம். முப்பத்தைந்து வருஷம் பாங்கில் நாணயமாக வேலை பார்த்த மனிதர். அக்காளிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. வண்டி வழியில் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்.

ரேடியோவை ஒளிப்பது நம் தேசத்தில் புதிதல்ல. 1921-ல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா தொடங்கி இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கு பரவியது. நம் சென்னையில் ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் 1924 மே 16-ஆம் தேதி சென்னை ராஜதானி ரேடியோ கிளப்பை ஏற்படுத்தி, ஜூலை 31-ல் ஒலிபரப்பே தொடங்கினார். அரசாங்க வானொலி பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் நடந்த காரியம் அது. 1939-ல் யுத்தம் மூண்டதும் வெள்ளைக்கார சர்க்கார் அமெச்சூர் லைசென்ஸ்களை ரத்துசெய்து, கருவிகளை ஒப்படைக்கும்படி உத்தரவு போட்டது. 1942 ஆகஸ்டு 27 முதல் பம்பாயில் உஷா மேத்தா என்ற 22 வயது மாணவியும் தோழர்களும் காங்கிரஸ் ரேடியோவை ரகசியமாக நடத்தினார்கள். வீடு மாற்றி வீடு மாற்றிப் பேசினார்கள். நவம்பர் 12-ஆம் தேதி பிடிபட்டார்கள். அந்தப் பெண் 1946 வரையில் சிறையில் இருந்தார்.

அவர்கள் ஒளித்தார்கள் என்றால், ஒளிக்க வேண்டிய காரணம் இருந்தது. தேசம் அடிமைப்பட்டிருந்தது, பேசுவது குற்றமாக இருந்தது. என் அத்தான் எதற்காக ஒளிக்க வேண்டும்? அவர் கையில் இந்திய சர்க்கார் கொடுத்த லைசென்ஸ் இருக்கிறது. காரில் பேசுவதற்கு உரிய அனுமதியும் வாங்கியிருக்கிறார். அதோடு, ஹாம்களின் விதியே ஒளிவுக்கு விரோதமானது. பேச்சைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் தம் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். சங்கேத பாஷையில் பேசக் கூடாது. வியாபாரம் பேசக் கூடாது. பேசுவதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். டெலிபோனில் நாம் பேசுவதைவிட எத்தனையோ மடங்கு பகிரங்கமான பேச்சு அது. வாயைத் திறந்ததும் 'நான் இன்னார்' என்று சொல்லியே தீர வேண்டிய மனிதர், கருவியை மாத்திரம் கள்ளப் பணம்போல் முழங்காலுக்குக் கீழே ஒளித்து வைப்பானேன்?

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஹாம் குழு ஒன்று அந்தமானுக்குப் போயிருந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து அழைப்பவர்களுக்குப் பதில் சொல்லும் விளையாட்டுக்காகத்தான் போனார்கள். 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. டெலிபோன்கள் செத்தன. போர்ட் பிளேரிலிருந்து அவர்களுடைய ரேடியோ பேசிற்று. உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்தவர்களுக்கு அது செய்தி சொல்லிற்று. அந்தக் கருவியும் என் அத்தானுடைய கருவியும் ஒரே குலம்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். வெட்கப்பட வேண்டியவர் அவரல்ல என்றும் சொன்னேன். ஆனால் முக்கியமாகச் சொன்னது வேறு.

"அத்தான், அடுத்தவன் கண்ணுக்குப் பயந்து திரையைக் கீழே இறக்கினால், உங்கள் கண்ணும் கூடவே கீழே இறங்கும். மேலே இருந்தபோது பால்காரர் ஒரு முழத்தில் தப்பினார். முழங்காலுக்குக் கீழே இருந்தால் அந்த ஒரு முழமும் இராது."

அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இருவருமாகச் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். இதே கவலையில் இருக்கும் வாசகர் யாரேனும் இருந்தால் அவருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். உடம்பு முன் ஸீட்டுக்கு அடியில். சூடாகும் பொருளானதால் சுற்றிலும் காற்று போக வழி இருக்க வேண்டும். மின்சாரம் நேரே பாட்டரியிலிருந்து, பாட்டரிக்குப் பக்கத்திலேயே ப்யூஸ் போட்டு. முகம், ஸ்டீயரிங்குக்கு இடப்புறம், சாலையிலிருந்து கண்ணை ஓர் அங்குலம் நகர்த்தினால் தெரியும் இடத்தில். ஆனால் கண்ணாடியை மறைக்காமலும், விபத்தில் காற்றுப் பை வெடித்து வரும் பாதையில் இல்லாமலும்.

திரை சின்னதாக இருந்தால் போதும். எண்கள் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். இரவில் வெளிச்சத்தை நன்றாகத் தணிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். நீலத்தைவிட மங்கின செம்மஞ்சள் இருட்டில் கண்ணுக்கு இதம். தொட்டு இயக்கும் பெரிய கண்ணாடித் திரை பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் விரலுக்கு அதில் பிடி கிடையாது. ஒவ்வொரு தடவையும் கண்தான் போய் வழிகாட்ட வேண்டும். நல்ல பெரிய குமிழ், திருகும்போது 'டிக் டிக்' என்று விரலுக்குச் சொல்லும் குமிழ் இருந்தால், கண்ணுக்கு வேலையே இல்லை. போகும் வழியில் வேண்டிய அலைவரிசைகளைப் புறப்படும் முன்பே கருவியின் ஞாபகத்தில் வரிசையாகப் போட்டுக்கொள்ளலாம். 

கூரைமேல் நிற்கும் ஆன்டெனாவைக் கழற்ற வேண்டுமா என்று அத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். அது இல்லாமல் கருவி ஊமை. அது உயர நின்றால்தான் குரல் எட்டும். லைசென்ஸின் நகல் ஒன்றைக் கண்ணாடிக் காகித உறையில் போட்டு, டாஷ்போர்டு அறைக்குள் வைத்தோம்.

கருவி மாட்டி முடிந்ததும், மதுரைக்குப் போய் வரலாம் என்று அக்காளைக் கூப்பிட்டோம். அவள் காரின் கதவைத் திறந்து பார்த்தாள். "எங்கே அந்தப் பெட்டி?" என்றாள். காட்டினோம். உட்கார்ந்து, ஓட்டுகிறவர் பக்கம் சாய்ந்து, அவர் கண்ணிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று தானே பார்த்தாள். பிறகுதான் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. அதே சாவடி என்பது எனக்கு அப்போது தெரியாது. அத்தானுடைய கை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்ததிலிருந்து ஊகித்தேன். டார்ச் வெளிச்சம் உள்ளே வந்தது. அந்தச் சின்ன முகத்தை அது தாண்டியே போய்விட்டது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கூரைமேல் நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனாவில் போய் வெளிச்சம் நின்றது.

"இது என்ன சார்?"

அத்தான் ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கினார். "அமெச்சூர் ரேடியோ. நான் லைசென்ஸ் உள்ளவன். இதோ பாருங்க" என்று காகிதத்தை எடுத்து நீட்டினார். தம் அழைப்புக் குறியையும் சொன்னார். குரல் முதலில் கொஞ்சம் நடுங்கிற்று, முடிக்கும்போது நடுங்கவில்லை.

போலீஸ்காரர் காகிதத்தை டார்ச்சில் படித்தார். திருப்பிக் கொடுத்தார். "சரி, போங்க" என்றார்.

கொஞ்ச தூரம் வரையில் யாரும் பேசவில்லை. பிறகு பின் ஸீட்டிலிருந்து அக்காள் கேட்டாள். "ஏங்க, அன்னைக்கு வழியிலே கோளாறுன்னு சொன்னீங்களே, அது வண்டிக் கோளாறு இல்லையா?"

"இல்லே" என்றார் அத்தான்.

"அதை என்கிட்டே சொல்லியிருக்கலாமே" என்றாள் அக்காள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கயத்தாறு வந்தது. ஸ்பீக்கரில் யாரோ ஒருவர் அழைத்தார். அத்தான் திரையைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே மைக்கை எடுத்து, தம் பெயரைச் சொன்னார்.